முதலில் ஊகிக்கட்டும், அப்புறம் திரையைக் காட்டுங்கள்

கேட்டவர் ஒரு கணக்கு ஆசிரியர். வகுப்பில் பிள்ளைகள் நாற்பது பேர், புதிதாக ஒரு புரொஜெக்டரும் பன்னிரண்டு டேப்லெட்டும் வந்திருக்கின்றன. இவற்றை வைத்துப் பிள்ளைகளின் கணக்குத் திறனை எப்படி வளர்ப்பது, எந்த ஆப்பை வாங்குவது, கால்குலேட்டரையும் செயற்கை நுண்ணறிவையும் விடலாமா கூடாதா என்று கேட்டிருக்கிறார். பல வருடமாக இந்தச் சாதனங்களை வைத்துக்கொண்டு கணக்கு சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

ஆப் பற்றிய கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைப்போம். முதலில் போன தேர்வின் விடைத்தாள்களை எடுத்து, தவறான விடைகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாகத் தப்புச் செய்வதில்லை என்பது கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடும், ஒரே தப்பைப் பத்துப் பேர் செய்திருப்பார்கள். 0.7, 0.35 இரண்டில் எது பெரிது என்றால் 0.35 என்பார்கள், ஏனென்றால் 7ஐ விட 35 பெரிது. 8 + 4 = □ + 5 என்று கொடுத்தால் கட்டத்தில் 12 என்று எழுதுவார்கள், ஏனென்றால் சமக்குறி என்றால் 'விடையை இங்கே எழுது' என்றுதான் இத்தனை வருடமும் புரிந்துவைத்திருக்கிறார்கள். 1/2 உடன் 1/3ஐக் கூட்டச் சொன்னால் 2/5. இதில் எதுவும் கவனக்குறைவு கிடையாது. ஒவ்வொரு தப்புக்குப் பின்னாலும் ஒரு விதி இருக்கிறது, அந்த விதி வேறெங்கோ சரியாக வேலை செய்திருக்கிறது, அதனால்தான் நாம் எத்தனை முறை திருத்தினாலும் பிள்ளை அதை விடுவதில்லை. அந்த விதி உடைவதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு தருணத்தை உண்டாக்க வேண்டும். தொழில்நுட்பம் கணக்கு வகுப்பில் எனக்குப் பயன்பட்டதெல்லாம் பெரும்பாலும் அந்தத் தருணத்துக்குத்தான்.

சாதனம் வந்தாலே கணக்கு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெரு நாட்டில் 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தை 319 தொடக்கப் பள்ளிகளில் வைத்து ஆராய்ந்தார்கள், மடிக்கணினி கிடைத்த பள்ளிகளுக்கும் கிடைக்காத பள்ளிகளுக்கும் கணக்கு மதிப்பெண்ணில் சொல்லும்படியான வித்தியாசமே வரவில்லை. ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2015இல் வெளியிட்ட அறிக்கையும் இதே போலத்தான்: பள்ளிக் கணினிகளுக்கு நிறையச் செலவழித்த நாடுகளில் பீசா என்ற பன்னாட்டு மாணவர் தேர்வின் கணக்கு மதிப்பெண் குறிப்பிடும்படி உயரவில்லை. ஆனால் டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து நடந்த ஆய்வில், குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகள் நாலரை மாதத்திலேயே கணக்கில் 0.37 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) முன்னேறினார்கள். கல்வி ஆய்வுகளில் இது பெரிய முன்னேற்றம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பெருவில் கணினியைக் கையில் கொடுத்தார்கள். டெல்லியில் அந்த மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து அங்கிருந்து கணக்குக் கொடுத்தது, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நாலாம் வகுப்புப் பின்னம் வரவில்லை என்றால் நாலாம் வகுப்பிலிருந்தே ஆரம்பித்தது, கூடவே பாதி நேரம் சிறு குழுவாக உட்கார்ந்து ஒருவர் சொல்லிக்கொடுத்தார்.

சரி, உங்கள் புரொஜெக்டருக்கு வருவோம். அதில் காணொளிப் பாடம் ஓட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். காணொளி நன்றாக விளக்கும், பிள்ளைகளும் புரிந்த மாதிரி தலையாட்டுவார்கள், மறுநாள் ஒன்றும் நிற்காது. புரொஜெக்டரில் ஜியோஜீப்ராவைத் திறங்கள். ஆஸ்திரியாவில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய மென்பொருள் அது, பள்ளியில் பயன்படுத்தக் காசு கிடையாது. வடிவத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மற்றதெல்லாம் கூடவே மாறும், ஆனால் மாறக் கூடாதது மாறாது. கரும்பலகையில் எவ்வளவு அழகாகப் படம் போட்டாலும் இது மட்டும் நடக்காது.

ஒரு பாடத்தைச் சொல்கிறேன், அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம். எல்லாப் பிள்ளைகளையும் நோட்டில் ஏதாவது ஒரு நாற்கரம் வரையச் சொல்லுங்கள், கோணல்மாணலாக இருந்தால் ரொம்ப நல்லது. நாலு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் குறித்து வரிசையாக இணைக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒரு வடிவம் வரும், அது என்ன வடிவம் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேசி, ஒரு வாக்கியம் எழுதட்டும். 'இணைகரம் மாதிரி இருக்கிறது, ஆனா எனக்கு மட்டும்தான் அப்படி வந்திருக்கும்' என்று நிறையப் பேர் நினைப்பார்கள். இப்போது திரையில் அதே அமைப்பைப் போட்டு, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு முனையை இழுக்கச் சொல்லுங்கள். வெளி நாற்கரம் எப்படியெல்லாமோ கோணும், உள்ளே இணைகரம் இணைகரமாகவே நிற்கும். முனையை உள்பக்கமாக இழுத்துக் குழிந்த நாற்கரம் ஆக்கினாலும் மாறாது. அந்த நேரத்தில் வகுப்பில் எழுகிற சத்தத்தைக் கேட்பதற்காகவே நான் வருடா வருடம் இந்தப் பாடத்தை எடுப்பேன். 'எப்படி சார்?' என்று அவர்களாகவே கேட்பார்கள். உடனே திரையை அணைத்துவிடுங்கள். மூலைவிட்டம் ஒன்றை வரையச் சொல்லுங்கள், முக்கோணத்தின் இரண்டு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு மூன்றாவது பக்கத்துக்கு இணை, அதில் பாதி என்ற தேற்றத்தை ஏற்கெனவே படித்திருப்பார்கள், நிரூபணம் பத்து நிமிடத்தில் அவர்கள் கையிலிருந்தே வந்துவிடும். இது வரிஞோன் தேற்றம், 1731இல் அச்சானது. பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. திரை இங்கே நிரூபணத்தைக் கொடுக்கவில்லை, நிரூபணம் தேவை என்ற ஆசையைக் கொடுத்தது.

இதில் வரிசை ரொம்ப முக்கியம். முதலில் தாளில் ஊகம், அதை எழுதிவைத்தல், அப்புறம் திரை, அப்புறம் திரையை அணைத்துவிட்டு ஏன் என்ற கேள்வி. முதலிலேயே திரையைக் காட்டிவிட்டால் பிள்ளை 'ஓ, அப்படியா' என்று விட்டுவிடும். எழுதிவைத்த ஊகம் கண்ணெதிரே தப்பாகிறபோதுதான் பழைய விதி ஆட்டம் காண்கிறது. இதை ஒரு பிடிவாதமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

உயர் வகுப்புக்கு இன்னொன்று. இருபடிச் சார்பின் (y = ax² + bx + c) வரைபடத்தை டெஸ்மோஸ் என்ற வரைபடக் கருவியில் போட்டு மூன்று கெழுக்களுக்கும் ஸ்லைடர், அதாவது இழுத்தால் மதிப்பு மாறுகிற பட்டை, வைத்துவிடுங்கள். மாறிலியை நகர்த்தினால் பரவளையம் மேலும் கீழும் போகும், எக்ஸ் வர்க்கத்தின் கெழுவை நகர்த்தினால் குறுகும், விரியும், தலைகீழாகும். இதெல்லாம் பிள்ளைகள் ஊகித்துவிடுவார்கள். நடுவில் இருக்கிற கெழுவை நகர்த்தினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். 'பக்கவாட்டில் நகரும்' என்று ஏறக்குறைய எல்லாருமே எழுதுவார்கள். நகர்த்திப் பார்த்தால் பக்கவாட்டில் மட்டும் போகாது, வளைந்து இறங்கும். பரவளையத்தின் முனை போகிற பாதையைக் குறித்துக்கொண்டே வந்தால் அந்தப் பாதையும் ஒரு பரவளையம், அதே அகலம், தலைகீழாக. நான் கல்லூரி முடித்து வேலைக்கு வந்து, ஒரு நாள் சும்மா ஸ்லைடரை ஆட்டிப் பார்த்தபோதுதான் எனக்கே இது தெரிந்தது. முனையின் ஆயங்களைக் கண்டுபிடித்து இதை நிரூபிப்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டுகிற வேலைதான்.

சின்ன வகுப்புகளுக்கு இவ்வளவு பகட்டு வேண்டாம், ஒரு எண்கோடு போதும், பெரிதாக்கிப் பார்க்கிற வசதி இருக்க வேண்டும், அவ்வளவுதான். 0.35ஐயும் 0.7ஐயும் அதில் வைக்கச் சொல்லுங்கள், 0க்கும் 1க்கும் நடுவே பெரிதாக்குங்கள், அப்புறம் 0.3க்கும் 0.4க்கும் நடுவே இன்னும் பெரிதாக்குங்கள், உள்ளே இன்னொரு பத்துப் பகுதி திறக்கும். தசமப் புள்ளிக்கு அந்தப் பக்கம் இருப்பது தனி முழு எண் இல்லை, உள்ளே உள்ளே போகிற இடம் என்பது அப்போதுதான் பிடிபடும். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியவரை, 1/2ஐ வைத்துவிட்டு அதே கோட்டில் 2/5ஐயும் வைக்கச் சொல்லுங்கள். 2/5 அரைக்கு இடது பக்கம் போய் நிற்கும். அரையோடு எதையோ கூட்டியிருக்கிறோம், விடை அரையைவிடக் குறைந்திருக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், பிள்ளையே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிற்கும்.

டேப்லெட் பன்னிரண்டுதான் இருக்கிறதே என்று வருத்தப்பட வேண்டாம். மூணு நாலு பேருக்கு ஒன்று என்பது ஆளுக்கு ஒன்றைவிட நல்லது என்றே சொல்வேன். ஆளுக்கு ஒன்று கொடுத்தால் வகுப்பே மௌனமாகிவிடும், கணக்கில் அந்த மௌனம் நல்ல அறிகுறி இல்லை. குழுவில் டேப்லெட்டைத் தொடுகிறவர் தானாக எதுவும் முடிவு செய்யக் கூடாது, மற்றவர்கள் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். சொல்கிறவர் காரணத்தோடு சொல்லியாக வேண்டும், இன்னொருவர் நோட்டில் எழுத வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். 'அதை இழு' என்றால் போதாது, 'அந்தக் கோணம் 90க்கு வர்ற வரைக்கும் இழு' என்று சொல்ல வேண்டியிருக்கும்போது கணக்கு மொழி தானாக வாயில் வருகிறது.

அதே டேப்லெட்டுகளில் இன்னொரு பெரிய உபயோகம் இருக்கிறது, இதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை: எல்லாப் பிள்ளைகளின் விடையும் ஒரே நேரத்தில் உங்கள் கண்ணுக்குத் தெரிவது. வழக்கமாக 'புரிந்ததா?' என்று கேட்போம், முன் வரிசை 'புரிந்தது சார்' என்னும், நாம் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். அதற்குப் பதிலாக நான் மேலே சொன்ன தப்புப் பட்டியலிலிருந்து ஒரு கேள்வி தயார் செய்யுங்கள், நாலு விடைகளில் மூன்று விடைகள், பிள்ளைகள் உண்மையில் செய்கிற தப்புகளாக இருக்கட்டும். எல்லாரும் டேப்லெட்டை மாற்றி மாற்றி வாங்கி விடையை அனுப்பிய பின்னும் எத்தனை பேர் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற படத்தை உடனே காட்டிவிடாதீர்கள், காட்டினால் எல்லாரும் அதிகம் பேர் சொன்ன பக்கம் சாய்ந்துவிடுவார்கள். நீங்கள் மட்டும் பாருங்கள். வகுப்பு இரண்டாகப் பிரிந்திருந்தால், வேறு விடை சொன்ன ஒருவரைத் தேடிப்போய் அவரை நம்பவையுங்கள் என்று இரண்டு மூன்று நிமிடம் கொடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள். ஹார்வர்டில் எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்தில் இயற்பியல் வகுப்பில் ஆரம்பித்த முறை இது, கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது. டேப்லெட் வேலை செய்யாத நாளில் ஆளுக்கொரு சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டச் சொன்னாலும் இது நடக்கும்.

அடுத்தது பயிற்சி ஆப்கள். இவற்றின் உண்மையான பலம், கணக்குப் போட்ட அடுத்த நொடியே சரியா தப்பா என்று சொல்வது. வீட்டுப்பாடத்தில் ஒரே தப்பை இருபது தடவை செய்து, மூன்று நாள் கழித்துச் சிவப்பு மையில் அதைப் பார்க்கிற பிள்ளைக்கு அந்தத் தப்பு அதற்குள் பழக்கமாகிவிட்டிருக்கும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அசிஸ்ட்மென்ட்ஸ் என்ற இலவச மென்பொருளில் வீட்டுப்பாடம் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைக்கு உடனடியாக விடை தெரிந்தது, ஆசிரியருக்கு மறுநாள் காலை எந்தக் கணக்கில் எத்தனை பேர் சறுக்கினார்கள் என்ற பட்டியல் கிடைத்தது. வருட முடிவில் 0.18 திட்ட விலக்கம் முன்னேற்றம், பின்தங்கிய பிள்ளைகளுக்கு அதிலும் கூடுதல் பலன். 2016இல் வெளியான ஆய்வு. பாடப்புத்தகம் அதேதான், கணக்குகளும் பெரும்பாலும் அதேதான், தப்பு தெரிகிற நேரம் மட்டும் மாறியது.

ஆனால் பெரும்பாலான பயிற்சி ஆப்களில் ஒரு கோளாறு இருக்கிறது. ஒரே வகைக் கணக்கை அடுக்கடுக்காகக் கொடுக்கும். பத்துக் கணக்கும் பிதாகரஸ் தேற்றம் என்றால் இரண்டாவது கணக்கிலிருந்து பிள்ளை கேள்வியைப் படிக்கவே வேண்டியதில்லை, எண்களை எடுத்து வர்க்கம் பண்ணிப் போட்டால் போதும். தேர்விலோ எந்த முறையைப் பயன்படுத்துவது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. டக் ரோரரும் சக ஆய்வாளர்களும் 54 ஏழாம் வகுப்புகளில் இதைச் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். கணக்குகளைக் கலந்து செய்த பிள்ளைகள் ஒரு மாதம் கழித்து வைத்த தேர்வில் சராசரி 61 சதவீதம், ஒவ்வொரு வகையையும் தனித்தனியாகச் செய்தவர்கள் 38 சதவீதம். அதனால் ஆப்பில் கலந்து கொடுக்கிற வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் பழைய பாடங்களிலிருந்து நீங்களே கலந்து ஒரு தொகுப்பு செய்யுங்கள். ஆரம்பத்தில் மதிப்பெண் குறையும், பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். அப்புறம், நொடிக் கடிகாரம் ஓடுகிற ஆப்பை இன்னும் புரிந்துகொள்ளாத பாடத்துக்கு வைக்கவே வேண்டாம். வாய்ப்பாடு நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு அது விளையாட்டு, தெரியாத பிள்ளைக்கு எல்லார் முன்னாலும் தோற்கிற அனுபவம்.

கால்குலேட்டரைப் பற்றிய பயம் பழையது. 1986இல் ஹெம்ப்ரீ, டெஸார்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 79 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வழக்கமான பாடத்தோடு சேர்த்துப் பயன்படுத்தினால் அடிப்படைத் திறன் குறையவில்லை என்றே வந்தது, நாலாம் வகுப்பைத் தவிர. அந்த வயதில் தொடர்ந்து பயன்படுத்தியது அடிப்படைத் திறனைப் பாதித்தது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது, நாலு செயல்களும் கையில் படிகிற வயதில் கருவியைக் கொடுக்க வேண்டாம். அதற்கு மேல் கொடுக்கலாம், ஊகித்த பிறகு மட்டும். 49 × 21 போடுவதற்கு முன்னால் 50 × 20, அதாவது சுமார் 1000 என்று எழுதட்டும். 1029 வந்தால் சரி, 10290 வந்தால் விசை எங்கோ தவறியிருக்கிறது என்று பிள்ளைக்கே தெரியும். '8 என்ற விசை உடைந்துவிட்டது, 18 × 6 எப்படிப் போடுவாய்?' என்று கேட்டுப் பாருங்கள், 20 × 6இலிருந்து 2 × 6ஐக் கழிக்கலாம் என்று ஒருவர் சொல்வார், 9 × 12 என்று இன்னொருவர் சொல்வார், பங்கீட்டு விதியைப் பாடமாக நடத்தாமலே நடத்திவிடலாம்.

நிகழ்தகவுக்கு விரிதாளை (எக்செல் போன்றதை) விட நல்லது ஒன்றில்லை. பத்துத் தடவை நாணயம் சுண்டினால் ஏழு அல்லது அதற்கு மேல் தலை விழுவது அபூர்வமா என்று கேளுங்கள், பிள்ளைகள் அபூர்வம் என்பார்கள். உண்மையில் அது 17 சதவீதம், கிட்டத்தட்ட ஆறில் ஒரு தடவை. முதலில் கையால் சுண்டிப் பார்க்கட்டும், கையால் செய்யாமல் நேரே கணினிக்குப் போனால் எண்கள் மாயாஜாலமாகத் தோன்றும். அப்புறம் விரிதாளில் ஆயிரம் தடவை சுண்டிப் பாருங்கள், 700 தலை வரவே வராது. அதே எழுபது சதவீதம்தானே, அங்கே அடிக்கடி வருகிறது, இங்கே ஏன் வரவே மாட்டேன் என்கிறது? ஒரு முழு வகுப்புக்கு இந்தக் கேள்வி தாங்கும்.

நிரல் எழுதுவதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோய்ர்ட்ஸைக் ஆகியோர் 1967இல் லோகோ மொழியை உருவாக்கினார்கள், அப்புறம் அதில் வந்த 'ஆமை' நாம் கொடுக்கிற கட்டளைப்படி கோடு போட்டுக்கொண்டே நடக்கும், பிள்ளைகளுக்கான இன்றைய நிரல் மொழியான ஸ்கிராட்ச்சிலும் அதையே செய்யலாம். சமபக்க முக்கோணம் வரையச் சொல்லுங்கள். கோணம் 60தானே என்று எல்லாரும் 60 பாகை திருப்புவார்கள், அறுகோணத்தின் பாதி வந்து நிற்கும். திரும்புவது வெளிக்கோணம், 120 திருப்ப வேண்டும் என்று கண்டுபிடிக்கிறவரை விட்டுவிடுங்கள், உதவாதீர்கள். அதைக் கண்டுபிடித்த பிள்ளை வெளிக்கோணங்களின் கூடுதல் 360 என்பதை மறப்பதே இல்லை.

செயற்கை நுண்ணறிவு விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராக இருக்கிறேன், காரணம் இருக்கிறது. துருக்கியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சாதாரண அரட்டைப் பெட்டியை (சாட்ஜிபிடி போன்றதை) வைத்துக் கணக்குப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 48 சதவீதம் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள், அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது அதைத் தொட்டே பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்கள் தயாரித்த பெட்டியில் அந்த நஷ்டம் பெரும்பாலும் இல்லை. கைபேசியில் படம் எடுத்தால் விடை தருகிற ஆப்களுக்கும் இதே கவலைதான். தடை போட்டால் வீட்டில் பயன்படுத்தத்தான் போகிறார்கள், அதனால் நான் அதைத் தலைகீழாக்குவேன்: பெட்டி எழுதிய ஒரு தீர்வை அச்செடுத்துக் கொடுத்து, அதில் ஒரு வரியை நானே மாற்றிவைத்து, தப்பு எந்த வரியில், ஏன் தப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டு, அதிலிருந்து ஒரு கணக்கை மறுநாள் வகுப்பில் நோட்டு இல்லாமல் போடச் சொல்லிப் பாருங்கள், காப்பியடிக்கிற காரணமே போய்விடும்.

இப்போது ஆப். எதையும் வாங்காதீர்கள், இந்த வருடம் வேண்டாம். ஜியோஜீப்ரா, டெஸ்மோஸ் வரைபடக் கருவி, ஸ்கிராட்ச், ஏதாவது ஒரு விரிதாள், எல்லாம் இலவசம், பத்தாம் வகுப்பு வரை இவையே தாராளம். யாராவது பயிற்சி மென்பொருள் விற்க வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: பிள்ளை தப்புச் செய்தால் 'தவறு' என்று மட்டும் சொல்லுமா, என்ன தப்பு என்றும் சொல்லுமா? பிள்ளையின் நிலைக்கு இறங்கிப் போகுமா? எனக்குத் தினமும் ஒரே பக்கத்தில் யார் எதில் சறுக்கினார் என்று காட்டுமா? மூன்றுக்கும் செயல்முறையில் காட்டச் சொல்லுங்கள், படவிளக்கத்தில் அல்ல.

நேரம் என்று பார்த்தால் நாற்பது நிமிட வகுப்பில் திரைக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் நான் கொடுப்பதில்லை, வாரத்தில் இரண்டு வகுப்பு. புதிதாக ஆரம்பிக்கிறீர்கள் என்றால் ஒரே ஒரு தப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், தசமமோ சமக்குறியோ, அதற்கு மட்டும் ஒரு கேள்வி, ஓர் ஊகம், ஒரு திரை. இரண்டு வாரம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல், தாளில் இரண்டே கேள்வி வையுங்கள்: ஒன்று அதே கணக்கு வேறு எண்களில், இன்னொன்று 'உன் தோழன் 0.125தான் 0.4ஐ விடப் பெரிது என்கிறான், அவனுக்கு எப்படிப் புரியவைப்பாய்?' என்பது போல. முதல் கேள்வியைச் சரியாகப் போட்டு இரண்டாவதில் 'டீச்சர் சொன்னாங்க' என்று எழுதியவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் டேப்லெட்டைத் தொடாமல் மற்றவர்களுக்குக் காரணம் சொல்கிற இடத்தில் அவர்களை உட்காரவையுங்கள்.